அவர் பங்குச் சோறு

கை நடுங்குகிறதே என்று பார்க்கிறீர்களா? பசிதான், வேறொன்றுமில்லை. நேற்று சாயங்காலம் சாப்பிட்டது. இந்த ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று சீட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். தண்ணீர் தவிர வாயில் வேறு எது பட்டிருந்தாலும் எடுக்க மாட்டார்களாம். வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். உங்களையும் அப்படித்தானே வரச் சொன்னார்கள்? ஓ, உங்களுக்கு இல்லையா. அண்ணனுக்கா. உள்ளே போயிருக்கிறாரா. சரி. குடிப்பாரா? கேட்கிறேனே என்று தப்பாக நினைக்காதீர்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேரைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடுகிறது. கண்ணில் அந்த மஞ்சளை எங்கே கண்டாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

எனக்கும் ஸ்கேன் இல்லை. அதோ, தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு, மடியில் அடுக்குத் தூக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்கு. என் வீட்டுக்காரர். ஆனால் சீட்டு என் பேரில் இருக்கிறது. தமயந்தி என்று போட்டிருக்கிறது பாருங்கள். அது ஒரு குளறுபடி. உள்ளே இருக்கிற பெண்ணிடம் சொல்லிப் புரியவைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். சீட்டு யார் பேரில் இருந்தால் என்ன? மெஷின் பேரைப் பார்த்தா அளக்கிறது?

அவர் பட்டினி கிடக்கும்போது நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது? அதனால் நானும் ஒன்றும் தொடவில்லை. அது பழக்கந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவர் சாப்பிடாமல் நான் சாப்பிட்டதில்லை.

நாங்கள் அருப்புக்கோட்டை. அவர் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்தார். நல்ல வேலைக்காரர் என்று முதலாளியே சொல்லுவார். ஆனால் சாயங்காலம் சங்கு ஊதினால் கால் தானாகக் கடைப்பக்கம் திரும்பிவிடும். மற்றவர்களைப்போல அடிக்க மாட்டார், ஏச மாட்டார். வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். என் மகன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, "அப்பாவுக்கு தினமும் காய்ச்சலாம்மா?" என்று கேட்பான்.

அப்போதே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அவருடைய அண்ணன் போன விதம் அப்படி. அவரும் இதே மில். இதே கடை. கடைசி மாதத்தில் எங்கள் வீட்டில்தான் கிடந்தார். கையும் காலும் விறகுக்குச்சி மாதிரி, வயிறு மட்டும் நிறைமாதக்காரி மாதிரி. தொப்புள் வெளியே தள்ளிவிட்டது. கண் எலுமிச்சம்பழம். நான்தான் சட்டி பிடித்தேன். ஒரு காலையில் வாந்தி எடுத்தார். தண்ணீராக இருக்கும் என்று பிடிக்கிறேன், சட்டி நிறைய ரத்தம். கறுப்பாக, கட்டி கட்டியாக. "ஈரல் சுருங்கிப்போச்சும்மா, கல்லாயிடுச்சு" என்றார் டாக்டர். அன்றைக்குத்தான் இது எனக்குப் பிடித்தது. பிடித்தது என்றால், தினமும் காலையில் எழுந்ததும் இவர் கண்ணிமையை இழுத்துப் பார்ப்பேன். கணுக்காலில் கட்டை விரலை வைத்து அமுக்கிப் பார்ப்பேன். குழி விழுந்தால் நீர் கோத்துவிட்டது என்று அர்த்தம். அவர் தூங்குகிற மாதிரியே கிடப்பார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

இத்தனை வருஷமும் அந்த ஈரலை நான்தான் சுமந்துகொண்டு திரிகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் குடித்தார், நான் பயந்தேன். ஆளுக்கு ஒரு வேலை.

சோறு? அதை ஏன் கேட்கிறீர்கள். குடிக்கிறவன் வீட்டில் சோற்றுக்கு என்ன கணக்கு? கடையிலேயே புரோட்டாவும் சால்னாவும் முடித்துவிட்டு வருவார். அது நமக்கு முன்கூட்டியே தெரியாதே? இன்றைக்காவது நேராக வீட்டுக்கு வருவார் என்று நம்பித்தானே உலை வைக்க வேண்டும். வைக்காமல் விட்ட அன்றைக்கு வந்து கேட்டால் என்ன செய்வது? அதனால் அவருக்கும் சேர்த்து வடித்துவிடுவேன். வந்து, "வேணாம்" என்று கையைக் காட்டிவிட்டுப் படுத்துவிடுவார். சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கலாம். குழம்பை என்ன செய்ய? பொரியலை என்ன செய்ய? அப்போது ஃப்ரிட்ஜ் ஏது. என் பங்கைச் சாப்பிட்டுவிட்டு அவர் பங்கையும் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவேன். காலையில் அந்தத் தண்ணீர்ச் சோறும் எனக்குத்தான். அரிசியைக் கொட்ட எனக்கு மனசு வராது. அவர் சம்பளத்தில் கடைக்குப் போனது போக வீட்டுக்கு வந்தது அந்த அரிசி ஒன்றுதான்.

சிலபேர் புருஷன் குடித்தால் கோபத்தில் பட்டினி கிடப்பார்கள். நான் அப்படியெல்லாம் செய்ததில்லை. ஒரு பருக்கை வீணாக்கியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

குடியை விட்டது மில்லை மூடிய பிறகு. அதற்கு நான் காரணமில்லை, கோயிலும் காரணமில்லை. மில் கேட்டைப் பூட்டினார்கள், அவர் வீட்டுக்கு வந்தார், அன்றைக்குப் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. பிறகு போகவே இல்லை. விட்ட புதிதில் கை நடுங்கும் பாருங்கள், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் காப்பி குடிப்பார். இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். நல்ல இடம். விசேஷம் முடிந்தால் மிச்சத்தைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். லட்டு, பாதுஷா, ஜாங்கிரி, கேசரி, ஒரு முகூர்த்த மாதம் வந்தால் வீட்டில் டப்பா காலியாகவே இருக்காது. அவர் இனிப்புத் தொட மாட்டார். பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தது போக இருப்பதை நான்தான் முடிக்க வேண்டும். தையல் மெஷினில் உட்கார்ந்தால் பக்கத்தில் டப்பா இருக்கும். ஊரிலுள்ள ஜாக்கெட்டெல்லாம் நான்தான் தைக்கிறேன். எழுந்திருக்கவே நேரமிருக்காது. இதில் என் அளவு ஜாக்கெட்டை வேறு அடிக்கடி பிரித்துத் தைக்க வேண்டியிருக்கிறது. வயசானால் உடம்பு போடும், என்ன செய்வது. கொஞ்சம் சர்க்கரையும் இருக்கிறது. அது யாருக்கு இல்லை?

சரி, குளறுபடிக்கு வருகிறேன்.

பங்குனியில் எங்கள் ஊர் லேபில் ஒரு போர்டு வைத்தார்கள். புருஷன் பொண்டாட்டி சேர்ந்து வந்தால் முழு உடம்புப் பரிசோதனை, ஒருவருக்கு ஆகிற செலவில் இருவருக்கும். வருஷா வருஷம் இவருக்கு ஈரல் டெஸ்ட் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். குடித்த காலத்தில் சேர்ந்த விஷம் எங்கே போகும்? உள்ளேதானே உட்கார்ந்திருக்கும். அதனால் கூட்டிக்கொண்டு போனேன். தள்ளுபடி கிடைக்கிறதே என்று நானும் கையை நீட்டினேன். எனக்கு எதற்கு டெஸ்ட்? துணைக்குப் போனது, அவ்வளவுதான்.

கவுண்டரில் ஒரு பெண். "பேர் சொல்லுங்க" என்றாள். என் பேரைச் சொன்னேன். "சார் பேரு?" என்றாள். நான் அவர் பேரைச் சொன்னதில்லை. அந்தக் காலத்து ஆளா என்று சிரிக்காதீர்கள். மகனின் ஸ்கூலில் கேட்டபோதுகூடச் சொல்லவில்லை, எழுதித்தான் காட்டினேன். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று என் அம்மா சொல்லிவைத்தது. அவருக்கு ஏற்கெனவே இருக்கிற ஆயுசுக்கு நான் வேறு குறைக்க வேண்டுமா? அவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் இரண்டு ஆதார் அட்டையையும் ஒன்றாக எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டேன். அங்கேதான் வினை. ஒன்றை இன்னொன்றின் மேல் வைத்துவிட்டேன். அவள் எதை எந்த ட்யூபில் எழுதினாளோ.

வயிற்று ஸ்கேனும் அப்படித்தான். ஒருவர் எழுந்திருக்க, இன்னொருவர் படுக்க, ஐந்து நிமிஷத்தில் இரண்டு பேருக்கும் முடித்துவிட்டார்கள்.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். டாக்டரம்மா சின்ன வயசு. காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "சார், கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். ஆளை வெளியே அனுப்பிவிட்டுப் பேசுகிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? அவர் அண்ணனுக்கும் இப்படித்தான் சொன்னார்கள்.

டாக்டரம்மா குரலை இறக்கிக்கொண்டு, "அம்மா, உங்களுக்குக் குடிக்கிற பழக்கம் ஏதாவது உண்டா? யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டாக்டர், இப்ப வெளிய அனுப்பினீங்களே, அந்தாள்கிட்ட கேக்க வேண்டியத என்கிட்ட கேக்கறீங்க" என்றேன்.

"அவர் ஈரல் பரவாயில்லம்மா. உங்க ஈரல்லதான் கொழுப்பு அதிகமா இருக்கு. வெறும் கொழுப்புன்னாகூட பயமில்ல, வீங்கி அழற்சி ஆயிட்டிருக்கு. ரத்தத்துலயும் தெரியுது."

"நான் வாழ்க்கையில ஒரு சொட்டுத் தொட்டதில்ல."

"தொடணும்னு இல்லம்மா. குடிக்காதவங்களுக்கும் வரும். சர்க்கரை இருக்கு, எடை இருக்கு. சோறு, இனிப்பு, மைதா இதெல்லாம் அளவுக்கு மேல போனாலும் ஈரல் கொழுப்பாத்தான் சேர்த்து வைக்கும்."

நல்ல பெண். ஆனால் அந்த லேப் அவர்கள் கட்டடத்தின் கீழ்மாடியில்தான் இருக்கிறது. விட்டுக்கொடுத்துப் பேசுவாரா? வெளியே வந்து யோசித்தேன், எல்லாம் விளங்கிவிட்டது. குடித்தவர் ஈரல் நன்றாக இருக்கிறதாம், குடிக்காதவள் ஈரல் கெட்டுப்போயிற்றாம். எந்த ஊரிலாவது நடக்குமா? ட்யூப் மாறிவிட்டது. அது அவருடைய ரிப்போர்ட். இத்தனை வருஷமாக நான் பயந்தது வந்தேவிட்டது, என் பேரைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

பக்கத்து வீட்டுச் செண்பகம் இருக்கிறாள், அவளிடம் சொன்னேன். அவளுக்கு வாயில் பூட்டுக் கிடையாது. "என்ன மதினி, அண்ணன் விட்டுட்டுப் போன மிச்சத்தை நீங்க முடிச்சீங்களாக்கும்?" என்று என் வீட்டுக்காரரைச் சொல்லித் தெருவே கேட்கிற மாதிரிச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். திருப்பூரில் இருக்கிற மகனிடம் போனில் சொன்னபோது, "அம்மா, டாக்டர் சொன்னா கேளுங்கம்மா, உங்களுக்குத்தான்னா உங்களுக்குத்தான்" என்றான். அவனுக்கு அப்பா மேல் எப்போதும் ஒரு இது. அப்பாவுக்கு ஒன்றென்றால் நம்ப மாட்டான்.

அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். டாக்டரம்மா எனக்கென்று எழுதிக் கொடுத்த சாப்பாட்டு முறையெல்லாம் அவருக்கு. சோறு அரை அகப்பை, காய் நிறைய, இனிப்பு இல்லை, எண்ணெய்ப் பலகாரம் இல்லை, காலையும் மாலையும் நடை. மஞ்சளாக ஒரு மாத்திரை கொடுத்திருந்தார், அதையும் அவருக்கே கொடுத்தேன். கூடவே கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து. கொடுத்ததைக் குடித்தார், போகச் சொன்ன இடத்துக்கு நடந்தார். முதல் நாள் மட்டும், "அந்தம்மா உனக்குன்னுதான சொல்லுச்சு?" என்றார். "வாய மூடிட்டு முழுங்குங்க" என்றேன். முழுங்கிவிட்டார். குடித்த மனுஷனுக்கு வீட்டில் எதிர்த்துப் பேச வாய் கிடையாது. அது ஒரு வசதி.

"நீயும் நடக்க வாயேன்" என்பார் செருப்பைப் போட்டுக்கொண்டே. எனக்கு என்ன கேடு? நான் வந்தால் ஜாக்கெட் யார் தைப்பது?

ஆனால் ஒரு கெட்ட பழக்கம் புதிதாக வந்தது அவருக்கு. சாப்பாட்டை வீணாக்க ஆரம்பித்தார். அவருக்கு அரை அகப்பைதானே, மிச்சம் இருக்கிறதல்லவா, அதை நான் சாப்பிட உட்காருவதற்குள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருநாய்க்குப் போட்டுவிட்டு வருவார். மண்டபத்திலிருந்து இனிப்புக் கொண்டுவருவதையும் நிறுத்திவிட்டார். கேட்டால், "இப்பல்லாம் மிச்சம் விழுறதில்ல" என்கிறார். செண்பகம் வீட்டுக்காரர் அங்கேதான் பந்தி பரிமாறப் போகிறார், அண்டா அண்டாவாக மிஞ்சுகிறதாம். நான் விடவில்லை. செண்பகத்திடம் சொல்லி வாங்கிக்கொண்டேன். ஒருநாள் சோற்றுச் சட்டியை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். "அரிசி என்ன வெல விக்குது, நாய்க்கு ஊத்துறீங்க? குடிச்சுக் கொட்டினது பத்தலையா?" என்று கேட்டுவிட்டேன். குடியை விட்ட பிறகு நான் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. அன்றைக்கு வந்துவிட்டது. அவர் சட்டியை விட்டுவிட்டார். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் அண்ணன் ரத்தம் கக்கின அன்றைக்கு இவர் கதவோரம் நின்று ஒரு பார்வை பார்த்தார், அதே பார்வை. நான்தான் அவருக்காகப் பயப்படுகிறேன், அவர் எதைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

இப்போது பாருங்கள் ஆளை. வயிறு ஒட்டி, முகம் தெளிந்து, மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார். மண்டபத்தில் எல்லாரும் கேட்கிறார்களாம். எனக்கு அதுவும் பயம். ஈரல் போனவர்கள் முதலில் மெலியத்தானே செய்வார்கள்?

நானா? எனக்கென்ன. கொஞ்சம் அசதி. மெஷினில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறேன். அன்றைக்கு ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டில் கையை மாற்றித் தைத்துவிட்டேன். உடம்பில் அங்கங்கே அரிப்பு. அது இந்த வெயிலுக்கு. வலது பக்கம் விலாவுக்குக் கீழே ஒரு கனம், கல்லைக் கட்டிவிட்ட மாதிரி. அது குனிந்து தைப்பதால். ஒரு காலையில் வழக்கம்போல அவர் கணுக்காலை அமுக்கிப் பார்த்தேன். குழி விழவில்லை. சரியாக அமுக்குகிறேனா என்று பார்க்க என் காலில் அமுக்கினேன். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது. பட்டாணி உட்காரும் அளவுக்கு. மெதுவாக, மெதுவாகத்தான் மேலே வந்தது. காலை மிதித்து மிதித்து மெஷின் ஓட்டுகிறவளுக்கு அப்படித்தான் இருக்கும். புடவையை இழுத்து மூடிக்கொண்டேன். நிமிர்ந்தால் அவர் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்குத் தூங்குகிற மாதிரி நடிக்கவில்லை.

அவர்தான் மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தார். பிடிவாதம் பிடித்து நான் பார்த்தது அதுதான் முதல். போனோம். இந்தத் தடவை அட்டையைத் தனித்தனியாகக் கொடுத்தேன். அந்தப் பெண் ட்யூபில் பேர் எழுதுகிறவரை பக்கத்திலேயே நின்றேன். சரியாகத்தான் எழுதினாள். ஆனால் உள்ளே கொண்டுபோய் என்ன செய்தாள் என்று யார் கண்டது?

அதே கதை. அவர் ரிப்போர்ட் முன்னைவிட நன்றாக இருக்கிறதாம். என் பேரில் வந்தது கூடியிருக்கிறதாம். டாக்டரம்மா இந்தத் தடவை குடியைப் பற்றிக் கேட்கவில்லை. "ஈரல் தழும்பாக ஆரம்பிச்சிடுச்சான்னு பாக்கணும்மா. மதுரையில ஒரு மெஷின் இருக்கு, ஊசி கிடையாது, விலாவுல வச்சுத் தட்டுவாங்க, எவ்வளவு கெட்டியா இருக்குன்னு சொல்லிடும். ஆரம்பமா இருந்தா சாப்பாட்டுலயும் எடை குறைக்கறதுலயும் திருப்பிக் கொண்டுவரலாம். ரொம்பக் கெட்டிப்பட்டுட்டா கஷ்டம். தள்ளிப்போடாதீங்க" என்றார். கெட்டி. கல் என்று அவர் அண்ணனுக்குச் சொன்னார்களே, அதேதான். மெதுவாகச் சொன்னால் கெட்டி.

அதனால்தான் இந்த ஏற்பாடு. பஸ்ஸில் வரும்போதே அவரிடம் சொல்லிவிட்டேன். "நீங்க உள்ள போங்க. சட்டையத் தூக்கிட்டுப் படுங்க. வாயத் திறக்காதீங்க."

"தமயந்தின்னு கூப்பிடுவாங்களே?"

"கூப்பிட்டா எந்திரிச்சுப் போங்க."

"மீசையோட போனா என்ன நினைப்பாங்க?"

"நான் வந்து சொல்லிக்கறேன்."

"சரி" என்றார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது? இல்லை, சொல்லுங்கள். நீங்கள் முதலில் இருந்தே என் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். வீக்கம்தான். பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு வந்தது.

தூக்கில் என்ன இருக்கிறது என்றா? ஸ்கேன் முடிந்ததும் சாப்பிடத்தான். மேலடுக்கில் அவருக்குக் கொத்தவரங்காயும் அரைக் கரண்டிச் சோறும். கீழே இரண்டு அடுக்கும் எனக்கு, எலுமிச்சம்பழச் சோறு, உருளைக்கிழங்கு வறுவல், ஓரத்தில் இரண்டு லட்டு. நேற்று ஒரு வளைகாப்பு, செண்பகம் கொடுத்தாள். பட்டினி கிடந்து வீடு போய்ச் சேர வேண்டாமா.

இந்தாங்க… ஏங்க! ஏங்க, என்ன பண்றீங்க அங்க? ஐயோ, தூக்கைத் திறந்துவிட்டார். பாருங்கள், பாருங்கள், வாயில் வைத்துவிட்டார். படித்துப் படித்துச் சொன்னேன், வாயில் ஒன்றும் படக்கூடாது என்று. கொஞ்சம் இந்த ஃபைலைப் பிடியுங்கள். வந்துவிடுகிறேன்.

வந்துவிட்டேன். நகர வேண்டாம், உட்காருங்கள். இப்படி ஓரத்தில் இருந்துகொள்கிறேன்.

எல்லாம் தின்றுவிட்டார். கொத்தவரங்காயை இல்லை. அது அப்படியே இருக்கிறது. கீழடுக்கு இரண்டையும். என் சோறு, என் வறுவல். நான் போய் நிற்கும்போது லட்டில் இருந்தார். இனிப்பே தொடாத மனுஷன், கண்ணில் தண்ணீர் வர வர லட்டை மென்றுகொண்டிருக்கிறார். கை நடுங்குகிறது, குடியை விட்ட புதிதில் நடுங்கின மாதிரி. எல்லாரும் பார்க்கிறார்கள். "அறிவிருக்கா உங்களுக்கு? இனி எப்படி உங்கள எடுப்பாங்க?" என்று கேட்டேன்.

"எடுக்க மாட்டாங்க" என்றார். "அதுக்குத்தான் சாப்பிட்டேன். நீ சாப்பிடலல்ல? நீ போ."

"அது உங்க ரிப்போர்ட்டு" என்றேன்.

அவர் விரலால் அடுக்கை வழித்துத் துடைத்தார். பருக்கை இல்லை. "இனிமே மிச்சம் வைக்க மாட்டேன்" என்றார். "நீ போய்ப் படு."

அவ்வளவுதான் பேசினார். அதற்கு மேல் பேசத் தெரியாது அவருக்கு.

இல்லை, அழவில்லை. பசி.

ஒன்று சொல்லட்டுமா? அவர் போனால் என்ன செய்ய வேண்டுமென்று எனக்குத் தெரியும். முதலில் யாருக்குப் போன், யார் வந்து தூக்குவார்கள், எந்தப் புடவை, மகன் வர எவ்வளவு நேரமாகும், மெஷினை எந்த மூலைக்குத் தள்ள வேண்டும். அவர் அண்ணன் போன நாளிலிருந்து யோசித்து யோசித்து எல்லாம் பாடம். நான் போனால் என்ன என்று ஒருநாள்கூட யோசித்ததில்லை. அது நடக்கிற விஷயமாகவே தோன்றவில்லை. குடித்தவர் அவரல்லவா? போகிறவரும் அவர்தானே? எனக்கு இதில் பயப்படுகிற வேலை மட்டும்தானே கொடுத்திருந்தது?

ட்யூபை மாற்றியிருக்கலாம். இரண்டு தடவையும் மாற்றியிருக்கலாம். ஆனால் இந்தக் கால்? இதை யார் மாற்றினார்கள்?

கூப்பிடுகிறார்கள் பாருங்கள். தமயந்தி. அந்தப் பெண் கதவில் நின்று என்னைத்தான் பார்க்கிறாள். அவர் எழுந்திருக்கவில்லை. காலியான தூக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்க்கிறார். நான் போகத்தான் வேண்டும். மெஷின் பேரைப் பார்த்து அளக்காது என்று நானேதான் சொன்னேன்.

அது வலிக்குமா? உங்கள் அண்ணன் முன்னால் எப்போதாவது எடுத்திருக்கிறாரா? தட்டுகிறபோது உள்ளே கல்லில் தட்டுகிற மாதிரிச் சத்தம் வருமா? நமக்குக் கேட்குமா?

சரி, வருகிறேன். ஒரு உதவி செய்யுங்கள். நான் உள்ளே இருக்கும்போது அவரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். பயம் வந்தால் எழுந்து எங்கேயாவது நடந்துவிடுவார், முன்பு அப்படித்தான் கடைக்குப் போய்விடுவார். வாசல் பக்கம் போனால் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள். சார் என்றால் திரும்ப மாட்டார். பேரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.

குணசீலன். அவர் பேர் குணசீலன்.